டெட் ஆஃப் நைட் (1945): பாக்குறதுக்கு முன்னாடியும் பாத்த பின்னாடியும் எல்லாரும் கேக்குற கேள்விகள்

இந்தப் படத்தை ஏழெட்டு தடவை பாத்திருக்கேன், பாக்காதவங்க யாராவது வீட்டுக்கு வந்தா உக்கார வச்சு போட்டு காட்டிடுவேன், அதனால படம் தொடங்குறதுக்கு முன்னாடி என்ன கேப்பாங்க, முடிஞ்ச ராத்திரி மெசேஜ்ல என்ன கேப்பாங்கன்னு எனக்கு மனப்பாடமாவே ஆகிடுச்சு. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. முதல் பாதில முடிவு எதையும் உடைக்கல. எங்கேர்ந்து உடைக்கப் போறேன்னு நடுவுல சொல்றேன், பாக்காதவங்க அதோட நிறுத்திட்டு படத்தைப் பாத்துட்டு வாங்க.

இது என்ன படம், யார் எடுத்தது?

1945ல வந்த பிரிட்டிஷ் படம். லண்டன் ஈலிங் ஸ்டூடியோ, தயாரிப்பு மைக்கேல் பால்கன். கறுப்பு வெள்ளை, சுமார் 103 நிமிஷம். ஒரே படத்துக்குள்ள அஞ்சு பேய்க்கதை, அந்த அஞ்சையும் கட்டி வைக்கிற ஒரு வெளிக்கதை. நாலு டைரக்டர்கள்: அல்பெர்டோ கவல்காண்டி, சார்லஸ் கிரைட்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர். கவல்காண்டி பிரேசில்ல பொறந்து பிரான்ஸ்ல சினிமா கத்துக்கிட்டு இங்கிலாந்து வந்தவர். மியூசிக் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் ஓரிக். கேமரா ஸ்டான் பேவி, கூட டக்ளஸ் ஸ்லோகோம்ப், இந்த ஸ்லோகோம்ப்தான் 36 வருஷம் கழிச்சு இண்டியானா ஜோன்ஸ் முதல் படத்தையும் எடுத்தவர்.

முடிவை சொல்லாம கதையை மட்டும் சொல்லுங்க.

வால்டர் கிரெய்க்னு ஒரு ஆர்க்கிடெக்ட். ஒரு பழைய வீட்டுல கூடுதலா ரூம் கட்டணும், வந்து பாருங்கன்னு கூப்பிட்டதால கென்ட் மாவட்டத்துல இருக்கற பண்ணை வீட்டுக்கு கார் ஓட்டிட்டு வரார். வளைவுல வண்டியை நிறுத்தி வீட்டைப் பாக்குறார், இதுவரைக்கும் வந்ததே இல்லாத வீடு, ஆனா முகம் ஒரு மாதிரி ஆகுது, தலையை ஆட்டிக்கிட்டு வண்டியை எடுக்குறார். உள்ள போனா கோட் எங்க மாட்டணும்னு அவருக்கே தெரியுது. ஹால்ல டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கற அத்தனை பேரையும் அவருக்குத் தெரியுது, ஏன்னா இவங்க எல்லாரும் அவருக்கு திரும்பத் திரும்ப வர்ற ஒரு கெட்ட கனவுல இருக்கறவங்க. இன்னும் ஒரு பொண்ணு வரணும், கறுப்பு முடி, கையில காசு இருக்காதுன்னு சொல்றார். கொஞ்ச நேரத்துல அப்படியே ஒரு பொண்ணு உள்ள வந்து டாக்ஸிக்கு காசு கேக்குது.

அங்க வான் ஸ்ட்ராட்டன்னு ஒரு மனநல டாக்டர் இருக்கார், எல்லாத்துக்கும் அவர்கிட்ட ஒரு விளக்கம் இருக்கு. அவரை ஒத்துக்க வைக்கறதுக்காக மத்தவங்க ஒவ்வொருத்தரா எனக்கும் இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு தன் கதையை சொல்றாங்க. அதுதான் அஞ்சு கதையும்.

அஞ்சு கதைதானே, நல்லா இருக்கற பொம்மை கதையை மட்டும் பாத்தா போதாதா?

போதாது. இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன். பொம்மையை மடில வச்சு பேச வைக்கற கலைஞனோட கதை அது, அது மட்டும் தனியா கிளிப்பா சுத்துது, நிறைய பேர் அதை பாத்துட்டு படம் பாத்தாச்சுன்னு சொல்றாங்க, பாக்கல. இந்தப் படத்துல நிஜமான கதை ஹால்ல உக்காந்து பேசிட்டு இருக்காங்களே அதுதான். ஒவ்வொரு கதை முடிஞ்சதும் ஹாலுக்கு திரும்ப வருவோம், கிரெய்க் முகத்துல இன்னும் ஒரு பிடி பயம் ஏறியிருக்கும், வெளிய வெளிச்சம் இன்னும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவர் முன்னாடியே சொன்ன விஷயம் ஒண்ணு நடந்திருக்கும். டாக்டரோட மூக்குக் கண்ணாடி உடையும், அதுக்கப்புறம்தான் கெட்டது ஆரம்பிக்கும்னு அவர் சொல்லியிருப்பார், நாமளும் படம் பூரா அந்த டாக்டரோட கண்ணாடியையே பாத்துட்டு உக்காந்திருப்போம். கிளிப்ல அது வராது.

இன்னொண்ணும் இருக்கு. வழக்கமான பேய்ப்படத்துல ஒருத்தன் சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க, இங்க டாக்டரைத் தவிர எல்லாரும் நம்புறாங்க. மரியாதையா கேக்குறாங்க, இன்னொரு கப் டீ வேணுமான்னு விசாரிக்கறாங்க, கிளம்பாதீங்க இருங்கன்னு பாசமா கட்டாயப்படுத்துறாங்க. கிரெய்க் ரெண்டு மூணு தடவை எழுந்து கிளம்பப் பாக்குறார். நாம யார் வீட்டுக்காவது போயிட்டு கிளம்பும்போது சாப்பிட்டுட்டுப் போங்கன்னு கையைப் பிடிச்சா தட்ட முடியுமா, அதே மாதிரி அந்த உபசரிப்புலதான் அவர் மாட்டிக்கறார். எனக்கு இந்தப் படத்துல ரொம்ப பயமா இருக்கறது அதுதான்.

எந்த பிரின்ட் பாக்கணும்?

103 நிமிஷம் இருக்கான்னு முதல்ல பாருங்க, அது போதும். அமெரிக்காவுல ரிலீஸ் பண்ணும்போது கிறிஸ்துமஸ் கதையையும் கால்ஃப் கதையையும் வெட்டிட்டு 77 நிமிஷமா ஓட்டினாங்க. நீளம் குறைஞ்சது மட்டும் பிரச்சனை இல்ல, கடைசில ஒரு இடத்துல எல்லா கதையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து வரும், வெட்டின பிரின்ட்ல அங்க திடீர்னு முன்னாடி பாக்காத இடமும் ஆளுங்களும் வந்து நிப்பாங்க, ஒண்ணுமே புரியாது.

80 வருஷ பழைய படம், உண்மையிலேயே பயமா இருக்குமா?

திடீர்னு சத்தம் போட்டு தூக்கி வாரிப் போட வைக்கிற பயம் இல்ல. ரத்தம் கிட்டத்தட்ட இல்ல. ஆனா ராத்திரி பாத்ரூம் போகும்போது கண்ணாடியைப் பாக்காம போவீங்க, அந்த மாதிரி.

ஹேமர் எடுத்த கண்ணாடி கதையை எடுத்துக்கோங்க. ஜோன்னு ஒரு பொண்ணு, தான் கட்டிக்கப் போற பீட்டருக்கு பழைய பொருள் கடையில ஒரு நிலைக்கண்ணாடி வாங்கித் தரா. பீட்டர் அது முன்னாடி நின்னு டை கட்டறான். கண்ணாடில தெரியற ரூம் அவன் நிக்கற ரூம் இல்ல. இவன் ரூம் வெள்ளை சுவரு, புது மோஸ்தர் கட்டில். உள்ள தெரியறது இருட்டான ஒரு பழைய ரூம், நாலு தூண் வச்ச கட்டில், கணப்புல நெருப்பு எரியுது. ஜோனைக் கூப்பிட்டு பக்கத்துல நிக்க வைக்கறான். அவளுக்கு சாதாரணமா ரெண்டு பேரும் தெரியறாங்க. அவனுக்கு அவன் மட்டும்தான் தெரியறான், அவ நிக்க வேண்டிய இடத்துல யாரும் இல்ல. அவ்வளவுதான் சீன். பேய் வரல, கதவு அடிக்கல, மியூசிக் கத்தல. ஆனா கட்டிக்கப் போறவ தோள் உரசி நிக்கறா, கண்ணாடில அவ இல்லன்னு ஒருத்தன் மெதுவா சொல்றான் பாருங்க, நான் முதல் தடவை பாத்தப்போ லேப்டாப்பை பாஸ் பண்ணிட்டு கொஞ்ச நேரம் ஃபேன் சத்தத்தைக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன்.

போர் முடிஞ்ச வருஷத்துல ஏன் பேய்ப்படம்?

போர் நடந்தப்போ 1942லேர்ந்து பிரிட்டன் சென்சார்காரங்க திகில் படத்துக்குன்னு இருந்த ஹெச் சர்டிஃபிகேட்டையே நிறுத்தி வச்சிருந்தாங்க. ஈலிங்கும் அந்த வருஷங்கள்ல பெரும்பாலும் நாட்டுப்பற்று, சோல்ஜர், தீயணைப்பு வீரர்னு நிஜத்துக்கு பக்கத்துல இருக்கற படங்கள்தான் எடுத்துட்டு இருந்துச்சு. இந்தப் படத்துல போரைப் பத்தி பேச்சே கிடையாது, ஒருத்தர் கூட குண்டு விழுந்ததைப் பத்தி வாயைத் திறக்கறதில்ல. ஆனா ஆறு வருஷமா தினமும் இன்னிக்கு யாருக்கு சாவுன்னு தெரியாம தூங்கப் போன ஜனங்க தியேட்டர்ல உக்காந்து, ஒருத்தனுக்கு மட்டும் சாவு முன்கூட்டியே வந்து சொல்லிட்டுப் போற கதையைப் பாத்திருக்காங்க. அதை நெனச்சுட்டு பாத்தீங்கன்னா அந்த சவ வண்டி கதை ரொம்ப வேற மாதிரி கனக்கும்.

யார் யார் நடிச்சிருக்காங்க?

கிரெய்க்கா மெர்வின் ஜான்ஸ். ஹீரோ முகமே இல்லாத சாதுவான மனுஷன், அதனாலதான் அவர் பயம் நம்ம மேல ஒட்டுது. பொம்மையை மடில வச்சு பேச வைக்கற மேக்ஸ்வெல் ஃபிரியரா மைக்கேல் ரெட்கிரேவ். ஜோனா கூகி விதர்ஸ், இவங்க பொறந்தது அப்போ பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த கராச்சில. கிறிஸ்துமஸ் கதைல வர்ற சேலியா சேலி ஆன் ஹோவ்ஸ், அப்போ டீன் ஏஜ்தான். பாரிஸ் கிளப் ஓனரா எலிசபெத் வெல்ச், கறுப்பினப் பாடகி. அந்தக் காலத்து படங்கள்ல கறுப்பினப் பெண்களுக்கு பெரும்பாலும் வேலைக்காரி வேஷம்தான் கிடைக்கும், இங்க அவங்க கிளப்புக்கே முதலாளி, எல்லாரும் மரியாதையா பேசுறாங்க, யாரும் அதை ஒரு விஷயமாவே எடுத்துக்கல. எனக்கு ரொம்பப் பிடிச்சது.

கால்ஃப் கதை ஏன் இருக்கு? மொக்கையா இருக்கே.

எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. ரெண்டு நண்பர்கள், ஒரே பொண்ணு, யாருக்கு அவன்னு 18 குழி கால்ஃப் ஆடி முடிவு பண்றாங்க, ஒருத்தன் ஏமாத்தி ஜெயிக்கறான், தோத்தவன் ஏரிக்குள்ள நடந்து போய் உயிரை விட்டுட்டு பேயா வந்து நிக்கறான், திரும்ப மறையறதுக்கு கையை எப்படி ஆட்டணும்னு மறந்து போயிடுது. ஹெச். ஜி. வெல்ஸ் கதை ஒண்ணை வச்சு எழுதினது. பேசில் ராட்ஃபோர்டும் நான்டன் வெயினும் அந்தக் காலத்துல பேர் போன காமெடி ஜோடி, அவங்களுக்காகவே வச்ச மாதிரி இருக்கும். தற்கொலையை சிரிப்பாக்கறது எனக்கும் உறுத்துது, பொண்ணை பந்தயப் பொருளா வைக்கறது இன்னும் உறுத்துது. ஆனா இதுக்கு அடுத்து வரப்போறது பொம்மை கதை. நடுவுல இந்த மூச்சு விடற இடம் இல்லன்னா அது அவ்வளவு ஆழமா இறங்காது. தாண்டி விடாம பாருங்க.

குழந்தைங்களோட பாக்கலாமா?

சின்னப் பசங்க வேண்டாம். பொம்மை முகம் அவங்களுக்குள்ள தங்கிடும், கழுத்தை நெரிக்கற காட்சிகளும் இருக்கு. எட்டாவது ஒன்பதாவது படிக்கற பசங்கன்னா கூட உக்காந்து பாருங்க.

எப்படி பாக்கறது நல்லது?

ராத்திரி, லைட்டை அணைச்சிட்டு, ஒரே மூச்சுல. இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுக்கோங்க, பழைய பிரிட்டிஷ் உச்சரிப்பு, வேகமா பேசுவாங்க. போனை வேற ரூம்ல வச்சிடுங்க. முக்கியமா, கடைசில பேர் ஓட ஆரம்பிச்சதும் நிறுத்திடாதீங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

இதுக்குக் கீழ எல்லாமே கதையை உடைக்கற பதில்கள். பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

சவ வண்டிக்காரன் சொல்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

ஹ்யூ கிரெயிஞ்சர் ரேஸ் கார் ஓட்டறவர், விபத்துக்கப்புறம் ஆஸ்பத்திரில இருக்கார். ராத்திரி மணி 9:45. படிச்சிட்டு இருக்கும்போதே சத்தமெல்லாம் அடங்குது, கடிகாரத்தைப் பாத்தா 4:15. திரைச்சீலையை விலக்கினா வெளிய பட்டப்பகல், கீழ பொணம் ஏத்துற குதிரை வண்டி நிக்குது, வண்டிக்காரன் அண்ணாந்து பாத்து உள்ள ஒருத்தருக்கு இடம் இருக்கு சார்னு சொல்றான். டிஸ்சார்ஜ் ஆகி பஸ்ஸுக்கு நிக்கும்போது மணி கேக்குறார், 4:15. பஸ் வருது, கண்டக்டர் அதே முகம், அதே வார்த்தை. இவர் ஏறல. பஸ் பாலத்துலேர்ந்து கவிழுது.

இ. எஃப். பென்சன் 1906ல எழுதின கதைலேர்ந்து எடுத்தது. அந்த வாக்கியத்தோட பலமே அது ஒரு சாதாரண கண்டக்டர் பேச்சுங்கறதுதான். நாம தினமும் கேக்கறது, உள்ள ஒரு ஆளுக்கு இடம் இருக்கு ஏறுங்க ஏறுங்கன்னு. கூட்டமான பஸ்ல இடம் இருக்குன்னா சந்தோஷமா ஏறுவோம். கடைசி கனவுலயும் இதே மனுஷன் ஜெயில் காவலாளியா வந்து இதையே சொல்வான், கவனிச்சீங்களா?

கிறிஸ்துமஸ் கதைல வர்ற பையன் நிஜமா?

நிஜம். ஒளிஞ்சு விளையாடும்போது சேலி மாடில ஒரு ரூமுக்குள்ள போறா, அங்க ஒரு சின்னப் பையன் அழுதுட்டு இருக்கான், பேர் பிரான்சிஸ் கென்ட், அக்கா கான்ஸ்டன்ஸ் தன்னை கொன்னுடுவான்னு பயப்படறான். சமாதானப்படுத்தி, பாட்டுப் பாடி தூங்க வச்சிட்டு கீழ வந்தாதான் தெரியுது அந்தப் பையன் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சுன்னு.

இங்கிலாந்துல ரோட் ஹில் வீட்டுல 1860ல கொலை செய்யப்பட்ட குழந்தை அது, வயசு 4 கூட ஆகல. அவனோட அப்பாவுக்கு முதல் மனைவி மூலமா பொறந்த கான்ஸ்டன்ஸ் அப்போ 16 வயசு, 1865ல நான்தான் கொன்னேன்னு ஒத்துக்கிட்டா. மரண தண்டனை ஆயுள் தண்டனையா மாறி 20 வருஷம் ஜெயில், அப்புறம் பேரை மாத்திக்கிட்டு ஆஸ்திரேலியாவுல நர்ஸா வேலை பாத்து 100 வயசு வரைக்கும் இருந்தாங்க. செத்தது 1944ல. படம் வந்ததுக்கு முந்தின வருஷம். அதாவது படத்துல அந்தக் குழந்தை பழைய காலத்து பேயா வருது, அந்தப் பேய் யாரைப் பாத்து பயந்துச்சோ அவங்க ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க.

ஹ்யூகோ பொம்மைக்கு நிஜமாவே உயிர் இருக்கா?

படம் சொல்லல, நானும் ஒரு பக்கம் சாய மாட்டேன். டாக்டர் சொல்றபடி பாத்தா ஃபிரியர் மனசு ரெண்டா பிளந்துடுச்சு, ஒரு பாதி ஹ்யூகோ. அப்படியே வச்சுக்கலாம், ஆனா ஹ்யூகோ இன்னொரு கலைஞர் சில்வெஸ்டர் கீயோட ரூம்ல கிடைக்கற இடம் இருக்கே, அங்க பொம்மை எப்படி போச்சு? ஃபிரியர் கீயை சுட்டுடறார். ஜெயில்ல ஹ்யூகோவை கொண்டு வந்து கொடுத்ததும் தலையணையை வச்சு அமுக்கி, காலால மிதிச்சு நசுக்கறார்.

அதுக்கப்புறம் வர்ற ஆஸ்பத்திரி சீன்தான் எனக்கு உச்சம். சுடப்பட்டும் பிழைச்ச கீயை படுக்கை பக்கத்துல கூட்டிட்டு வராங்க. ஃபிரியர் அசையாம கிடக்கார். வாய் மட்டும் மேலயும் கீழயும் ஆடுது, உதடு இல்ல, தாடை மட்டும், மரப்பொம்மை தாடை ஆடற மாதிரி. குரல் வர கொஞ்சம் நேரம் ஆகுது, வர்றது ஹ்யூகோ குரல். உனக்காகத்தான் காத்துட்டு இருந்தேன் சில்வெஸ்டர்னு. ரெட்கிரேவ் அந்த ஒரு நிமிஷத்துல கண்ணுலேர்ந்து மனுஷனை வெளியேத்திடறார். எத்தனை தடவை பாத்தாலும் எப்படி பண்ணாருன்னு எனக்குப் பிடிபடல.

முடிவு புரியல. எல்லாம் கனவா?

டாக்டரோட கண்ணாடி உடையுது, கிரெய்க் தன் டையைக் கழட்டி அவரை நெரிக்கறார், அப்புறம் ஒவ்வொரு கதைக்குள்ளயும் ஓடறார், சேலியோட ஒளிஞ்சு விளையாட்டு, கிளப், ஜெயில், அங்க ஹ்யூகோ தானா எழுந்து நடந்து வந்து அவர் கழுத்தைப் பிடிக்குது. முழிச்சுக்கறார். வீடு, படுக்கை, போன் அடிக்குது. ஒரு பண்ணை வீட்டுக்கு ரூம் கட்டணும் வரீங்களான்னு கேக்குறாங்க. கெட்ட கனவு போக நாலு நாள் கிராமத்துல இருந்துட்டு வாங்கன்னு மனைவி அனுப்பி வைக்கறாங்க. கார் கிளம்புது.

வெறும் கனவுன்னா முழிச்சதும் முடிஞ்சிருக்கணும். இங்க முழிக்கறதே தொடக்கம். முதல் சீன்ல நாம பாத்தது முதல் தடவையா, நூறாவது தடவையான்னு சொல்ல வழியே இல்ல. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிங்க மூணு பேர், பிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட், இந்தப் படத்தை சேர்ந்து பாத்துட்டு வந்து, பிரபஞ்சமும் தொடக்கம் முடிவு இல்லாம இப்படியே இருந்தா என்னன்னு பேச ஆரம்பிச்சாங்கன்னு ஹாயிலே பின்னாடி சொல்லியிருக்கார். 1948ல அவங்க வெளியிட்ட நிலைத்த பிரபஞ்சக் கொள்கைக்கு அந்தப் பேச்சும் ஒரு பொறி. பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டுன்னு சொன்ன எதிர்க் கொள்கைக்கு பிக் பேங்னு பேர் வச்சதும் இதே ஹாயில்தான், நம்ம ஊர் விஞ்ஞானி ஜெயந்த் நார்லிகர் அவர்கிட்ட படிச்சு அவரோட சேர்ந்து வேலை பாத்தவர். 1960கள்ல பிரபஞ்சம் பூரா பரவியிருக்கற நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடிச்சதும் அந்தக் கொள்கை பலமிழந்துச்சு, ஆனா ஒரு பேய்ப்படம் விஞ்ஞானிங்களை அவ்வளவு தூரம் யோசிக்க வச்சுதுன்னா அதோட வட்டம் எவ்வளவு இறுக்கமா கட்டியிருக்கணும்னு நெனச்சுப் பாருங்க.

கடைசில பேர் ஓடும்போது ஏன் நிறுத்தக் கூடாது?

போன வருஷம் அம்மாவோட உக்காந்து பாத்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, நான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வந்தேன். கிறிஸ்துமஸ் கதைல அந்தப் பையன் அழும்போது ஐயோ புள்ளைன்னாங்க, அது பேய்னு சொன்னதுக்கப்புறமும் புள்ளைதானேன்னாங்க. ஹ்யூகோவை நாற்காலில உக்கார வச்சப்போ அதை ஏன் நம்மளைப் பாத்து வச்சிருக்காங்கன்னு கேட்டாங்க. முடிஞ்சு பேர் வர ஆரம்பிச்சுது. அது பின்னாடி கிரெய்க் கார் அதே வளைவுல வருது, நிக்குது, வீட்டைப் பாக்குறார், முகம் மாறுது, தலையை ஆட்டிக்கிட்டு வண்டியை எடுக்குறார். அம்மா ரிமோட்டைத் தேடினாங்க.

"என்னடா, திரும்ப முதல்லேர்ந்து போட்டுட்டியா?"